சந்தனம் பூசிய வெப்பமானி

ஒரு குளத்துக் கொக்குகள் ஒன்றுகூடி, மீன்களுக்கு முறைப்படி நீந்தக் கற்றுத்தரும் கழகம் ஒன்றைத் தொடங்கினவாம். முதல் பாடத்துக்கு மீன்கள் அனைத்தும் தண்ணீரைவிட்டு வெளியே வந்து கரையில் வரிசையாக நிற்க வேண்டும் என்று விதி வகுத்தனவாம். அதற்கு மேல் அந்தக் கதையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, மீன்கள் தீர்ந்துபோயின. நம்முடைய கதை காரைக்குடியில் நடந்தது. இதில் கொக்குகள் இல்லை. பசுந்தேநீர் நெறிமுறை வாரியம் என்று ஒன்று இருந்தது.

மக்களுக்குப் பசுந்தேநீரை முறைப்படி வடிக்கக் கற்பித்து, அதன் நலன்களை அவர்கள் இழந்துவிடாமல் காப்பதே அந்த வாரியத்தின் குறிக்கோள். முறைப்படி வடித்த பசுந்தேநீர் இரத்தக் கொழுப்பைக் கரைக்கும், இதயத்தைக் காக்கும், சிந்தையைத் தெளிவாக்கும் என்றும், முறைதவறி வடித்தது வெறும் கசப்புத் தண்ணீர் என்றும் வாசல் பலகையில் எழுதியிருந்தது. கொதிக்கும் நீரை இலையில் ஊற்றக் கூடாது. எண்பது பாகையைத் தாண்டினால் சத்து கருகிவிடும். இலை அதிக நேரம் ஊறக் கூடாது. பாலும் சர்க்கரையும் சேரக் கூடாது. எந்தப் பெட்டிக்கடைப் பொட்டலத்தின் முதுகிலும் அச்சிட்டிருக்கும் இந்தச் செய்திகளைச் சொல்வதற்காக ஓர் இயக்குநர், ஒரு துணை இயக்குநர், அவர்களுக்குக் கீழே அறை கொள்ளாத அலுவலர்கள், இரண்டு ஜீப்புகள், வாடகைக்கு எடுத்த ஒரு பழைய செட்டிநாட்டு மாளிகை ஆகியவை இருந்தன. எல்லோருக்கும் கீழே, தண்ணீர் சுடவைக்க ஆசைத்தம்பி இருந்தார்.

ஆசைத்தம்பி தச்சுக் குடும்பத்தில் பிறந்தவர். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று மருத்துவர் கண்டித்துச் சொன்னதால் இழைப்புளியை வைத்துவிட்டு, வாரியத்தில் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்தார். சேர்ந்த நாள் முதலாக அவருடைய மனைவி சொர்ணவல்லி ஒரே கேள்வியைத்தான் கேட்டுவந்தார்.

"என்னங்க, இன்னைக்காவது நிரந்தரம் பண்றதாச் சொன்னாகளா?"

"சென்னையில இருந்து குழு வருதாம். அவுக சான்று குடுத்துட்டா எங்களையெல்லாம் நிரந்தரம் பண்ணிருவாகளாம்."

"குழு எப்ப வருது?"

"பங்குனியில."

"சித்திரை பொறந்தா உங்களுக்கு வயசு வரம்பு தாண்டிரும். ஞாபகம் இருக்கா?"

ஆசைத்தம்பிக்கு அதைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்தில் இருந்ததில்லை. மறுபடியும் பட்டறைக்குப் போனால் அவருடைய நெஞ்சு தாங்காது. மகள் சினேகா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே வாரியத்தில் யார் என்ன சொன்னாலும் அவர் தலையை ஆட்டினார். அந்த அலுவலகத்தில் அது ஒன்றுதான் பயன் தரக்கூடிய திறமையாகவும் இருந்தது.

மாளிகையின் முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் நீர் அறை என்று ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதனுள் போக வேண்டும். நடுவில் மேடை போட்டு எவர்சில்வர் மின்கொதிகலன் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதன் வயிற்றில் கடிகாரம் போல வட்டமான வெப்பமானி. முள் இடப்புறம் பூச்சியத்தில் புறப்பட்டு, உச்சியில் ஐம்பதைத் தொட்டு, வலப்புறம் நூற்றை நோக்கி இறங்கும். எண்பதில் ஒரு சிவப்புக் கோடு. முள் அந்தக் கோட்டைத் தொட்டதும் மணியடிப்பது ஆசைத்தம்பியின் வேலை. மணியோசை கேட்டதும் அலுவலர்கள் எழுந்து நிற்பார்கள்.

ஆயுத பூசை வந்தது. வாரியத்தின் ஆயுதம் எது என்ற கேள்விக்கு விடை காண ஒரு கூட்டம் நடந்து, கொதிகலனே என்று முடிவாயிற்று. இயக்குநர் முனைவர் ஸ்ரீதர் பட்டு வேட்டியில் வந்து, தம் திருக்கரத்தாலேயே வெப்பமானியின் நெற்றியில் சந்தனம் வைத்தார். பன்னீர் தாராளமாகிச் சந்தனம் இளகியிருந்தது. உச்சியில் வைத்த பொட்டு கண்ணாடியின் வலப்பக்கமாக வழிந்து, நாற்பதுக்கு மேல் இருந்த எண்களையெல்லாம் மூடிக் காய்ந்தது. அதன்மேல் குங்குமம். எல்லோரும் கற்பூரம் ஒற்றிக்கொண்டு, பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுவேலைநாளில் முள் நாற்பதைத் தாண்டிச் சந்தனத்துக்குள் நுழைந்து மறைந்தது. ஆசைத்தம்பி மணியைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு துணை இயக்குநர் ஹேமாவதியிடம் போனார்.

"மேடம், முள்ளு சந்தனத்துக்குள்ள போயிருச்சு. ஈரத்துணியால துடைச்சிரவா?"

ஹேமாவதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யார் வச்ச பொட்டு அது?"

"இயக்குநர் சார் வச்சது."

"இயக்குநர் வச்ச பொட்ட நீங்க அழிக்கப் போறீங்களா?"

ஆசைத்தம்பி துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அன்று பிற்பகல் அவசரக் கூட்டம். முனைவர் ஸ்ரீதர் பேசினார்: "எண்பதைத் தாண்டலாகாது என்பது நம் விதி. முள் மறைந்த பின் அது எண்பதைத் தாண்டியதா, இல்லையா என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில், தாண்டிவிட்டது என்றே கொள்வதுதான் பொறுப்புள்ள நிர்வாகம். ஆகவே முள் கண்ணுக்குத் தெரிகிற வரையில் மட்டுமே இனி நீர் சூடாகும்." கைதட்டல் ஓய்ந்ததும் இன்னொன்றும் சொன்னார்: "இதை நாம் ஒரு குறையாகக் காணலாகாது. ஆய்வு முடிவாகக் காண வேண்டும்."

அப்படியே கண்டார்கள். அடுத்த வாரம் 'தாழ்வெப்ப வடிப்பு' என்ற பெயரில் வாரியத்தின் வழுவழுப்பான வெளியீடு வந்தது. வெப்பம் குறையக் குறைய நலம் கூடும் என்று அதில் வண்ணப்படம் போட்டு விளக்கியிருந்தது. காய்ந்த சந்தனம் உதிர்ந்துவிடாதிருக்க வெள்ளிதோறும் ஹேமாவதி அதன்மேல் புதிதாகப் பூசிவந்தார். பக்தி மிகுந்தவர், ஒவ்வொரு வெள்ளியும் பொட்டு கொஞ்சம் அகலமாயிற்று. கார்த்திகை பிறப்பதற்குள் முள் புறப்பட்டுச் சற்று அசைந்தவுடனேயே மணியடிக்க வேண்டியதாயிற்று. வெயிலில் கிடந்த குளத்துத் தண்ணீரின் சூட்டோடு நீர் இலையில் விழுந்தது. இலை விரிய மறுத்து, வண்டு செத்து மிதப்பதைப் போலக் கோப்பையில் சுருண்டு மிதந்தது. அலுவலர்கள் அதைக் கண்ணை மூடிப் பருகி, சிந்தை தெளிவாகிவிட்டதாக ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கடினநீரில் பசுந்தேநீர் கெட்டுவிடும் என்று இயக்குநர் எங்கோ படித்தார். காரைக்குடிக்காரர்கள் தங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரரிடம் பெருமை பேசாமல் இருப்பதில்லை. அந்தத் தண்ணீருக்குச் சான்றிதழ் கிடையாது என்று வாரியம் கண்டுபிடித்து விலக்கியது. மென்னீர் என்றால் மழைநீர். மழைநீர் பிடிக்க அந்த மாளிகையிலேயே ஏற்பாடு இருந்தது. நாலு பக்க ஓட்டுச் சரிவிலும் விழும் மழை தகரக் குழாய்களில் இறங்கி, முற்றத்து மூலையில் உள்ள பெரிய கல்தொட்டியில் சேரும். கட்டியவர்கள் அறிவாளிகள். ஓட்டைக் கழுவிவிட்டு, முதல் மழையை வெளியே விட்டு, தொட்டியைத் தேய்த்து வைப்பதற்கு வீடு நிறைய ஆட்களும் அவர்களிடம் இருந்தார்கள். அவர்கள் அந்த மாளிகையில் குடியிருந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புறாக்கள் மட்டும் காலி செய்யவே இல்லை. ஓட்டுச் சரிவு முழுவதும் அவற்றின் எச்சம் வெள்ளையடித்தது போல் படிந்திருந்தது. ஐப்பசி மழை அத்தனையையும் கரைத்துக் கொண்டுவந்து தொட்டியில் சேர்த்தது. தொட்டிக்கு 'நலநீர்' என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஊதுவத்தி ஏற்றினார்கள். ஊதுவத்திக்குத் தேவை இருந்தது.

மாசி மாதக் கடைசியில் கோவிலூரிலிருந்து மகளிர் குழு ஒன்றைப் பயிலரங்குக்கு அழைத்து வந்தார்கள். குழுத் தலைவி அனுசுயா, சந்தையில் காய்கறி விற்பவர். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன சார், கோழிக்கூட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு?"

"இயற்கை மணம், அம்மா. அமருங்கள்," என்றார் இயக்குநர். பிறகு பேசத் தொடங்கினார்.

"தாய்மார்களே! இதுவரை நீங்கள் குடித்தது தேநீர் அன்று. அது ஒரு கெட்ட பழக்கம். பாலைக் காய்ச்சி, தூளைக் கொதிக்கவிட்டு, சர்க்கரையைக் கொட்டி, உங்கள் உடலுக்கு நீங்களே தீங்கிழைத்து வந்திருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் அறியாமையின்மேல்தான் கோபம். ஆனால் அந்த அறியாமை இல்லாவிட்டால் இந்த வாரியமும் இல்லை, இந்த இரண்டு ஜீப்புகளும் இல்லை என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. ஆகவே உங்களை மதிக்கிறேன்."

ஆசைத்தம்பி மணியடித்தார். கோப்பைகள் வந்தன. இரு கைகளாலும் ஏந்த வேண்டும், பருகுமுன் ஒருமுறை ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது என்று ஹேமாவதி ஒலிபெருக்கியில் அறிவித்தார். மூச்சிழுத்தபோதே இரண்டு பெண்கள் இருமினார்கள்.

"சார், தண்ணி சுடவே இல்லியே," என்றார் அனுசுயா.

"சூடு என்பது நாவின் மூடநம்பிக்கை."

"அப்ப இத டீன்னு ஏன் சொல்லுறீக? மீன் கழுவுன தண்ணியில துளசியப் போட்டதுன்னு சொல்லுங்க. நாங்க புரிஞ்சுக்குவோம்ல?"

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஹேமாவதி எழுந்து நின்று, நலவாழ்வுக்கு எதிரான மனநிலை உள்ளவர்களுக்குப் பயிலரங்குச் சான்றிதழும், மதியச் சாப்பாடும் கிடையாது என்றார். சாப்பாட்டில் வெள்ளைப்பணியாரம் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பெண்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு குடித்தார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அனுசுயா ஆசைத்தம்பியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏண்ணே, இத நீங்க குடிப்பீகளா?"

"எனக்கு டூட்டி நேரத்துல அனுமதி இல்ல தாயி."

"குடுத்துவச்சவுகண்ணே நீங்க."

மறுநாள் காலை ஆசைத்தம்பி தொட்டியின் பலகை மூடியை நகர்த்தினார். வாளியை விட்டபோது ஏதோ இடறியது. புறா ஒன்று இறக்கையை விரித்தபடி, கண்களிருந்த இடத்தில் கண்கள் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. விழுந்து சில நாட்கள் ஆகியிருக்க வேண்டும். தூக்கியதும் தோல் வழுக்கிக்கொண்டு இறகுகள் கையோடு வந்தன. தண்ணீரின்மேல் எண்ணெய் போல் ஒரு படலம் வெயிலில் பல நிறம் காட்டியது. ஆசைத்தம்பி முற்றத்தின் ஓரத்துக்குப் போய் வாந்தியெடுத்தார். பிறகு வாயைக் கொப்பளிக்கத் தொட்டியை நோக்கி நடந்து, பாதியிலேயே நின்றுவிட்டார்.

பழைய நாளிதழில் புறாவைச் சுற்றி இயக்குநரின் மேசைமேல் வைத்தபோது, அறையில் ஹேமாவதியும் இருந்தார்.

"சார், இது நலநீர்த் தொட்டியில கெடந்துச்சு. நேத்து அந்தப் பொம்பளைக குடிச்சது இந்தத் தண்ணிதான் சார்."

இயக்குநர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஹேமாவதியைப் பார்த்தார். ஹேமாவதி விதித்தொகுப்பைப் புரட்டினார்.

"கலக்கக் கூடாத பொருட்கள்: பால், சர்க்கரை, வெல்லம், இஞ்சி, ஏலக்காய், சுக்கு. புறா என்று எங்கும் இல்லை, சார்."

"இல்லையா?"

"ஒரு சிட்டிகை சர்க்கரை விழுந்திருந்தால் மொத்தத்தையும் கொட்டியிருக்க வேண்டும். நல்லவேளை."

"இறைவன் காப்பாற்றினான்," என்றார் இயக்குநர்.

"சார், தொட்டியக் காலி பண்ணிக் கழுவிரவா?"

"பங்குனியில் குழு வருகிறது, ஆசைத்தம்பி. இனி ஐப்பசிக்குத்தான் மழை. மென்னீர் இல்லாமல் குழுவுக்கு எதை வடிப்பது? ஊற்றுத் தண்ணீரையா? உமக்குப் பணி நிரந்தரமாக வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதா, இல்லையா?"

ஆசைத்தம்பி வழக்கம்போல் தலையை ஆட்டினார். புறாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று மாலைக்குள் செய்தி வந்துவிட்டது. பயிலரங்குக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்து அரசு மருத்துவமனையில் கிடந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனதும் பால் டீ குடித்திருக்க வேண்டும், உடலிலிருந்து நச்சு வெளியேறுவதைத்தான் நோய் என்று தவறாக எண்ணுகிறார்கள் என்று வாரியம் அறிக்கை விட்டது. ஆசைத்தம்பி மருத்துவமனைக்குப் போனார். கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, கன்னம் ஒட்டிப்போய்ப் படுத்திருந்தார் அனுசுயா. சந்தையில் கூவி விற்கும் அந்தக் குரலில் காற்று மட்டுமே மிச்சமிருந்தது.

"அண்ணே... என்னத்தண்ணே குடுத்தீக எங்களுக்கு?"

ஆசைத்தம்பி கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னார். சொர்ணவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்தா அந்தத் தண்ணியக் குடுப்பீகளா?"

"குடுப்பனா?"

"அப்ப அங்குட்டு மட்டும் எப்படிக் குடுக்குறீக?"

"அங்குட்டு விதி இருக்கே."

"விதியா வயித்தால போயிக் கெடக்கு? அனுசுயால்ல கெடக்குறா!" சொர்ணவல்லி சற்று யோசித்தார். "நிரந்தரமும் வேணும், யாரும் சாகவும் கூடாது. குழு வார அன்னைக்கு நம்ம ஊத்துத் தண்ணிய ஒரு குடம் எடுத்துட்டுப் போங்க. பின்கட்டுல வச்சு நல்லாக் கொதிக்க விடுங்க. எந்த மகராசனுக்குத் தெரியப் போகுது?"

பங்குனி பிறந்ததும் குழு வந்தது. தலைவர் முனைவர் சிவராஜ், இதே துறையில் பல வாரியங்களைப் பார்த்துப் பழுத்தவர். அவருடன் இரண்டு உறுப்பினர்கள், அவர்களும் முனைவர்கள்தான். ஆசைத்தம்பி விடியும் முன்னரே வந்து, பின்கட்டு அடுப்பில் ஊற்றுத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி வைத்திருந்தார். இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். வரவேற்புரை நீண்டது, நீர் அடங்கியது. ஆசைத்தம்பி அதை இலைமேல் ஊற்றினார். இலை உறக்கம் கலைந்ததுபோல் மெல்ல மெல்ல விரிந்து, இளம்பச்சை நிறத்தில் சாறு இறங்கியது. வடித்துக் கோப்பைகளில் ஊற்றி ஆறவிட்டார். கொதித்து, அடங்கி, அளவாக ஊறி, அந்த வாரியத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு பசுந்தேநீர் முறைப்படி தயாராகியிருந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை.

குழுத் தலைவர் ஒரு மிடறு பருகினார். இன்னொரு மிடறு. கண்களை மூடினார்.

"ஸ்ரீதர், முப்பது ஆண்டுகளில் இப்படி ஒரு தேநீரை நான் பருகியதில்லை."

"எல்லாம் தாழ்வெப்பம், சார்! சுடாத நீரின் மாண்பு!"

"வெந்நீர் எவ்வளவு பெரிய தீமை என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது." குழுத் தலைவர் கோப்பையைக் காலி செய்து இன்னொன்று கேட்டு வாங்கினார். "முதல்நிலைச் சான்று உறுதி. தற்காலிகப் பணியாளர் எல்லோரையும் நிரந்தரம் செய்துவிடலாம்."

 சொர்ணவல்லிக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஆசைத்தம்பியின் கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"அது மட்டுமில்லை," என்றார் குழுத் தலைவர். "வரும் கல்வியாண்டிலிருந்து மாவட்டத்துப் பள்ளிகளிலெல்லாம் பிள்ளைகளுக்கு இந்த முறையிலேயே கொடுக்கப் பரிந்துரைக்கிறேன். மழைநீர். கொதிக்கவைக்காத மழைநீர். பிஞ்சு வயிற்றிலேயே பழக்கிவிட வேண்டும்."

சட்டைப்பைக்குப் போன கை அங்கேயே நின்றது. ஆசைத்தம்பியின் கண்முன் சினேகாவின் பள்ளி வந்தது. இடைவேளையில் வரிசையாக டம்ளர் ஏந்தி நிற்கும் பிள்ளைகள் வந்தார்கள். நாளிதழில் சுற்றிய புறாவும் வந்தது. தலையை ஆட்டியே பழகிய மனிதர் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"சார்... மன்னிக்கணும். நீங்க குடிச்சது மழைத்தண்ணி இல்ல சார். ஊத்துத் தண்ணி. நாந்தான் நல்லாக் கொதிக்க வச்சேன். தொட்டித் தண்ணியில புறா செத்துக் கெடந்துச்சு சார். புள்ளைகளுக்கு அதக் குடுத்துறாதீக."

 புறா என்ற சொல் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"கொதிக்க வைத்ததா?" என்றார் குழுத் தலைவர். அவருடைய முகம் வெளிறியது.  "கொதித்த நீரையா நான்... இரண்டு கோப்பை..." அவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார். உறுப்பினர்கள் இருவரும் பின்னால் ஓடினார்கள். முற்றத்தின் ஓரத்தில், முன்பு ஆசைத்தம்பி குனிந்த அதே இடத்தில், மூன்று முனைவர்களும் வரிசையாகக் குனிந்து ஓங்கரித்தார்கள். ஹேமாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு, "கொதிக்க வச்சிருக்கான், பாவி," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இயக்குநர்தான் நிலைமையைச் சமாளித்தார். தம் கையாலேயே கல்தொட்டியில் வாளியை விட்டு நலநீர் மொண்டார். கொதிகலனில் முள் அசையும் மட்டும் காட்டி, இலையைத் தூவி, எல்லோருக்கும் ஒவ்வொரு கோப்பை கொடுத்து, தாமும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"இதைப் பருகுங்கள், சார். உள்ளே போன தீமையை இது வெளியேற்றிவிடும்."

நாறிய நீரை அவர்கள் நாவில் நிறுத்தி, சப்புக்கொட்டி, ஆறுதலோடு விழுங்கினார்கள். இதுதான் சரியான சுவை என்றார் குழுத் தலைவர். முன்னதில் ஏதோ செயற்கை இருப்பதை அப்போதே உணர்ந்ததாகவும் சொன்னார். முதல்நிலைச் சான்று திரும்பவும் உறுதியாயிற்று. பள்ளித் திட்டமும் உறுதியாயிற்று. ஆசைத்தம்பியை மட்டும் அக்கணமே வேலையைவிட்டு அனுப்பினார்கள். குற்றம்: நீரைக் கொதிக்கவைத்தல்.

அந்தக் கோப்பை தன் கடமையைச் செய்தது. தீமையை வெளியேற்றும் என்று இயக்குநர் சொன்னதும் ஒருவகையில் பலித்தது. மறுநாள் பொழுது விடிவதற்குள் அது எல்லாவற்றையும் வெளியேற்றத் தொடங்கியிருந்தது. குழு சென்னைக்குப் போகவில்லை. இயக்குநரும் குழுத் தலைவரும் அரசு மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்களில் சுருண்டு கிடந்தார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போக நினைத்தார்களாம். கழிப்பறையைவிட்டு அவ்வளவு தூரம் விலகத் துணிவு வரவில்லை.

ஆசைத்தம்பிக்கு அழைப்பு வந்தது. இயக்குநரே போனில் பேசினார். குரல் நூலாக இருந்தது: "வாரும். வரும்போது... ஒரு பிளாஸ்கில் தண்ணீர் கொண்டுவாரும். அன்று வைத்தீரே, அதே மாதிரி."

அவர் போனபோது செவிலியர் பெல்சி வார்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "கொதிக்க வச்ச தண்ணி மட்டுந்தான் குடிக்கணும்னு எத்தன தடவ சொல்றது? படிச்சவுகதானே நீங்க? அங்குட்டுப் பொம்பளைக வார்டுல அந்தக் காய்கறிக்காரம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் இன்னமும் எந்திரிக்க முடியாமக் கெடக்காக. எல்லாம் ஒரே தண்ணிதானாமே!"

செவிலியர் நகர்ந்ததும் இயக்குநர் கையை அசைத்து ஆசைத்தம்பியைப் பக்கத்தில் அழைத்தார். பாயில் ஒட்டிய கீரை போல் இருந்தார் மனிதர். உதடுகள் வெடித்திருந்தன. உடையெல்லாம் ஒரு நாற்றம். நலநீர்த் தொட்டியின் நாற்றமேதான்.

"ஆசைத்தம்பி, நான் கோபக்காரன் அல்ல. உமக்கு வேலையும் தருகிறேன், நிரந்தரமும் தருகிறேன். சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீர் செய்ய வேண்டியது ஒன்றுதான். அன்று நீர் தண்ணீரைக் கொதிக்கவைக்கவில்லை. பயத்தில் உளறிவிட்டீர். அவ்வளவுதான். தலைவர் இதோ இருக்கிறார், அவர் காதுபட ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதலில் குடித்த தேநீரும் நம் முறைப்படியே ஆனது என்று ஆகிவிடும். பள்ளித் திட்டத்துக்கும் இடைஞ்சல் வராது."

"அப்ப இந்த நோயி எதனால வந்துச்சுன்னு சொல்லுவீக, சார்?"

"மருத்துவமனைச் சாப்பாட்டால்."

"சாப்பாடு இங்க வந்த பெறகுதானே சாப்பிட்டீக?"

"அதெல்லாம் அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீரை ஊற்றும். சத்தமில்லாமல் ஊற்றும். யாராவது கேட்டால் நலநீர் என்று சொல்லும்."

ஆசைத்தம்பி பிளாஸ்கின் மூடியைத் திருகினார். சித்திரை நினைவுக்கு வந்தது. பட்டறையில் பறக்கும் மரத்தூளும் நினைவுக்கு வந்தது. நெஞ்சுக்குள் இப்போதே லேசாக இழுத்தது. பெண்கள் வார்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு டம்ளரில் தண்ணீரை ஊற்றினார். ஆவி எழுந்து இயக்குநரின் முகத்தில் பட்டது.

"குடிங்க சார்!" என்றார் ஆசைத்தம்பி. பட்டறையில் அறுவை இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. நெடுநாளாக அவர் அதை வெளியே எடுத்ததில்லை. "நம்ம ஊத்துத் தண்ணி! நல்லாத் தளதளன்னு கொதிக்க வச்சு எடுத்தாந்திருக்கேன்! அன்னைக்குக் கொதிக்க வச்ச மாதிரியே!"

வார்டு முழுவதும் கேட்டது. நோயாளிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வாசலில் பெல்சி திரும்பி நின்றார். அடுத்த கட்டிலில் குழுத் தலைவர் கண்ணைத் திறந்தார். எல்லோர் பார்வையும் டம்ளரின்மேல் நின்றது.

இயக்குநர் டம்ளரைப் பார்த்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். காய்ந்த தொண்டை ஒருமுறை மேலும் கீழும் ஏறி இறங்கியது. பிறகு இரு கைகளாலும் அதை ஏந்தி, முகம் சுளிக்காமல், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து குழுத் தலைவரின் கை, காலி டம்ளருக்காக நீண்டது.